7.1இல் பேசினால் 14.2இல் ஏன் கேட்கிறது?

சென்னையில் எஃப்எம் ரேடியோவைத் திருப்பிக்கொண்டே போனால் 93.5இல் சூரியன், 98.3இல் மிர்ச்சி, 101.4இல் ஆல் இந்தியா ரேடியோவின் ரெயின்போ, 106.4இல் ஹலோ என்று வரிசையாக வரும். எல்லா நிலையங்களின் அலைகளும் ஒரே நொடியில், ஒரே ஆன்டெனாக் கம்பியில் வந்து விழுகின்றன. ஆனாலும் ஒன்றின் பாட்டுக்குள் மற்றொன்றின் விளம்பரம் நுழைவதில்லை. ஏன் என்று கேட்டால், ரேடியோப் பெட்டி வேண்டியதை மட்டும் பிரித்து எடுக்கிறது என்பார்கள். அது பாதி விடைதான். 98.3இல் ஒலிபரப்பும் நிலையம் 106.4இலும் கொஞ்சம் அலையை வெளியே விட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியாலும் அதை விலக்க முடியாது. பெட்டியைப் பொறுத்தவரை 106.4இல் வருவதெல்லாம் 106.4தான். விடையின் மறுபாதி அனுப்புகிறவர் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு அலைபரப்பியும் தனக்குத் தந்த இடத்துக்குள் அடங்கி நிற்க வேண்டும். ஆனால் அடங்கி நிற்பது எந்த அலைபரப்பிக்கும் இயல்பு அல்ல.

பெரிய நிலையங்களில் இதைக் கவனிக்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஹாம் வானொலிக்காரர்களுக்கு அப்படி யாரும் இல்லை. அரசு உரிமம் பெற்று, பல நேரம் தம் கையால் கட்டிய கருவியோடு, கண்டம் விட்டுக் கண்டம் பேசுகிற பொழுதுபோக்காளர்கள் அவர்கள். கட்டத் தொடங்கும் யாருக்கும் முதலில் வருவது வாட் ஆசை: ஒரு வாட் வந்துவிட்டால் பத்து வேண்டும், பத்து வந்தால் நூறு. ஆனால் பெறும் முனையில் சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் மீட்டரில் ஒரு படி ஏறுவதற்கே ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். 10 வாட்டை 40 வாட்டாக்க ஆகும் செலவையும் சூட்டையும் பார்த்தால் அந்த ஒரு படி மலிவானது அல்ல. இந்த அத்தியாயம் வாட்டைப் பற்றியது அல்ல. ஆற்றலைக் கூட்டுவது இந்தக் கலையின் எளிய பகுதி. கூட்டியதில் எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று பிரிப்பதே கடினமான பகுதி. அந்த வேலையைப் பெருக்கிக்கும் வடிகட்டிக்கும் இடையே சரியாகப் பங்கு போட்டுக் கொடுப்பதில்தான் கட்டுபவரின் திறமை தெரியும்.

கோணல் பிறக்கும் இடம்

உள்ளே வரும் சிறிய அலையை அதே வடிவில் பெரிதாக்கித் தருவது பெருக்கி என்று பாடப்புத்தகம் சொல்லும். 'அதே வடிவில்' என்ற இரண்டு சொற்களைத்தான் உண்மையான டிரான்சிஸ்டர் காப்பாற்றுவதில்லை. பொழுதுபோக்காளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஐஆர்எஃப்510ஐ எடுத்துக்கொள்வோம். இது வானொலிக்காகப் பிறந்ததே அல்ல. மின்வழங்கிகளில் சுவிட்சாக வேலை செய்யச் செய்யப்பட்டது. 100 வோல்ட்டும் 5.6 ஆம்பியரும் தாங்கும், விலை குறைவு, கெட்டுப்போனால் மனம் நோகாது என்பதால் ஹாம்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். அதன் நுழைவு முனையில் 2 முதல் 4 வோல்ட் வரை ஏறும்வரை அது அசையாது. அதைத் தாண்டியதும் மின்னோட்டம் விறுவிறுவென்று ஏறும். கொடுத்திருக்கும் மின்னழுத்தத்தின் எல்லையைத் தொட்டதும் அதற்கு மேல் ஏற வழியில்லாமல் முட்டி நிற்கும். வழவழப்பான அலை ஒன்று உள்ளே போனால், அடிப்பாகம் வெட்டுப்பட்டு, உச்சி தட்டையாகி வெளியே வருகிறது.

வடிவம் கோணினால் என்ன கெட்டுவிட்டது? பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிய உண்மை இங்கே வந்து நிற்கிறது. திரும்பத் திரும்ப வரும் எந்தக் கோணல் அலையும், தூய அலைகள் பலவற்றின் கூட்டல்தான். அந்தத் தூய அலைகளின் அதிர்வெண்கள் முதல் அலையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண் மடங்குகளாகவே இருக்கும். ஒரே ஷட்ஜத்தை வீணையிலும் புல்லாங்குழலிலும் வாசித்தால் காது இரண்டையும் வேறுபடுத்திவிடுகிறதே, அதற்குக் காரணமும் இந்த மடங்குகள் வெவ்வேறு அளவில் கலந்திருப்பதுதான். இசையில் அது அழகு, வானொலியில் அத்துமீறல். இப்படிப் பிறக்கும் துணை அலைகளை இங்கே மடங்கலைகள் என்று அழைப்போம். ஹாம்கள் பேச்சு வழக்கில் ஹார்மோனிக் என்பார்கள்.

7.1 மெகாஹெர்ட்ஸில் ஒருவர் அலைபரப்பினால், அவர் அறியாமலே 14.2, 21.3, 28.4, 35.5 என்று ஒரு வரிசை அவரோடு கிளம்புகிறது. ஹாம்களுக்குத் தந்திருக்கும் பழைய அலைவரிசைகள் 7, 14, 21, 28 என்று 7இன் மடங்குகளாக அமைந்திருப்பதால், முதல் சில மடங்கலைகள் பெரும்பாலும் சக ஹாம்களின் காதில்தான் விழுகின்றன. ஆனால் 35.5 ஹாம்களுடையது அல்ல. 10.1இல் அலைபரப்பினால் இரண்டாவது மடங்கே 20.2இல், அடுத்தவர் இடத்தில் விழும். 21.28 மெகாஹெர்ட்ஸை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 106.4. தூர்தர்ஷன் ஆன்டெனா வீட்டு மொட்டைமாடியில் நின்ற காலத்தில் நான்காவது சேனலுக்கு 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருந்தார்கள், 21.1இன் மூன்றாவது மடங்கு 63.3 அதன் நடுவே போய் உட்காரும். பக்கத்து வீட்டுத் திரையில் கோடு ஓடினால் சண்டை ஹாம் வீட்டு வாசலுக்கு வந்ததில் வியப்பில்லை.

கோணாத பெருக்கி கட்டினால் என்ன?

நியாயமான கேள்வி. டிரான்சிஸ்டரை அலை முழுவதும் பாதி திறந்த நிலையிலேயே வைத்து, உச்சியும் அடியும் வெட்டுப்படாமல் ஓட்டலாம். இதை 'ஏ' வகுப்புப் பெருக்கி என்பார்கள். கோணல் மிகக் குறைவு. ஆனால் அது உண்ணும் மின்சாரத்தில் கோட்பாட்டின்படியே பாதிக்கு மேல் அலையாக மாறாது. நடைமுறையில் இன்னும் குறைவு. 10 வாட் தர 20 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதுவும் நீங்கள் பேசாமல் இருக்கும் நேரத்திலும். மீதியெல்லாம் சூடு. நூறு வாட் என்றால் மேசை மேல் ஒரு சிறிய அடுப்பே எரிகிறது என்று பொருள். டிரான்சிஸ்டரை அலையின் பாதியில் மட்டும் வேலை செய்ய விட்டால் 78.5 விழுக்காடு வரை கிடைக்கும். சுவிட்சைப் போல முழுதாகத் திறந்து முழுதாக மூடும்படி ஓட்டினால் 90ஐயும் நெருங்கலாம். கோணல் ஏற ஏறச் சிக்கனமும் ஏறுகிறது. ஆக, கோணல் என்பது வடிவமைப்பாளர் கண்மூடியதால் வந்த குறை அல்ல. சிக்கனத்துக்கு அவர் தெரிந்தே கொடுத்த விலை.

'ஏ' வகுப்பின் பக்கம் பேசுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அமெரிக்க விதியின்படி, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே 2003க்குப் பின் நிறுவிய ஹாம் அலைபரப்பிகளில் வேண்டாத அலைகள் முதன்மை அலையைவிட 43 டெசிபல் கீழே இருக்க வேண்டும். டெசிபல் என்பது மடங்குகளைச் சுருக்கி எழுதும் முறை: 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு, 30 என்றால் ஆயிரம். 43 என்றால் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு. பத்து வாட் அனுப்பினால் எந்த மடங்கலையும் அரை மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. அவ்வளவு துல்லியமாக வடிவம் கோணாத ஆற்றல் பெருக்கியை மேசையில் கட்டுவது பெரும்பாடு. அதே வேலையை மூன்று கம்பிச்சுருளும் நான்கு மின்தேக்கியும் செய்துவிடும், மின்சாரமும் கேட்காது. வடிகட்டி மலிவாகச் செய்யும் வேலையைப் பெருக்கியிடம் விலை கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

பத்து வாட்டுக்கு ஒரு கணக்கு

கணக்கை ஒரு முறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒற்றை டிரான்சிஸ்டர், அலையின் பாதியில் மட்டும் வேலை செய்கிறது, 7.1 மெகாஹெர்ட்ஸில் 10 வாட் தருகிறது என்று கொள்வோம். பாதி வெட்டிய அந்த அலையைப் பிரித்தால் இரண்டாவது மடங்கலையின் உயரம் முதன்மை அலையின் 42 விழுக்காடு என்று ஃபூரியே கணக்கு சொல்லும். ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, சுமை இரண்டுக்கும் ஒன்றே என்றால், 14.2 மெகாஹெர்ட்ஸில் வெளிவருவது 18 விழுக்காடு, அதாவது 1.8 வாட். அனுமதி அரை மில்லிவாட். 3,600 மடங்கு குறைக்க வேண்டும். (இரண்டு டிரான்சிஸ்டர்களை எதிரெதிராக மாற்றி மாற்றி ஓட்டும் அமைப்பில் இரட்டைப்படை மடங்கலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தொல்லை மூன்றாவதற்கு நகரும். அலை முழுச் சதுரமாகிவிட்டால் மூன்றாவதின் ஆற்றல் முதன்மையில் ஒன்பதில் ஒரு பங்கு.)

இதற்குத் தேவைப்படுவது தாழ்வழி வடிகட்டி: ஓர் எல்லைக்குக் கீழுள்ள அதிர்வெண்களை விட்டு, மேலே உள்ளவற்றைத் தடுப்பது. அமெரிக்க ஹாம் எட் வெதர்ஹோல்ட் வகுத்து, பிரிட்டனின் ஜி-கியூஆர்பி சங்கம் பரப்பிய ஏழு உறுப்பு அமைப்பு உலகெங்கும் கட்டப்படுகிறது. 7 மெகாஹெர்ட்ஸுக்கான அதன் மதிப்புகள் இவை: ஓரங்களில் 270 பிகோஃபாரட் மின்தேக்கி ஒவ்வொன்று, உள்ளே 680 பிகோஃபாரட் இரண்டு, அவற்றுக்கு இடையே 1.38, 1.70, 1.38 மைக்ரோஹென்றி சுருள்கள். சுருள்கள் அலை போகும் பாதையில் வரிசையாக நிற்கும். மின்தேக்கிகள் ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் தரைக்கு இறங்கும்.

அதிர்வெண் ஏற ஏறச் சுருள் அதிகம் எதிர்க்கும். மின்தேக்கி குறைவாக எதிர்க்கும். 1.38 மைக்ரோஹென்றிச் சுருள் 7.1இல் 62 ஓம் எதிர்ப்புக் காட்டுகிறது, 14.2இல் 123, 21.3இல் 185. 680 பிகோஃபாரட் 7.1இல் 33 ஓம், 14.2இல் 16.5, 21.3இல் 11. மேலே போகும் அலைக்கு நேர்ப்பாதை கரடுமுரடாகிறது, தரைக்கு இறங்கும் பாதை சறுக்கலாகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவிவிடுகிறது. 7.1இலும் இதே சுருளும் மின்தேக்கியும் இருக்கின்றனவே, அது மட்டும் எப்படித் தப்புகிறது? சுருளின் எதிர்ப்பும் மின்தேக்கியின் எதிர்ப்பும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறி உடையவை. மதிப்புகளைப் பொருத்தமாகத் தேர்ந்தால் 7.1இல் ஒன்று செய்ததை மற்றொன்று அழித்துவிடும். இருபுறமும் 50 ஓம் இருந்தால் வடிகட்டி இருப்பதே தெரியாது. இந்த மதிப்புகளை வைத்துப் படிப்படியாகக் கணக்கிட்டால் 7.1இல் இழப்பு ஏறக்குறைய பூஜ்யம். 14.2இல் 37 டெசிபல், அதாவது 5,200 மடங்குக்குச் சற்று மேல். 21.3இல் 64 டெசிபல், இருபத்தைந்து லட்சம் மடங்கு.

1.8 வாட்டை 5,200ஆல் வகுத்தால் 0.35 மில்லிவாட். அரை மில்லிவாட் எல்லைக்குள் வந்துவிட்டோம். ஆனால் நிம்மதிப்பட அதிகம் இல்லை. மூன்றாவது மடங்கலைக்குத் தாராளமான இடைவெளி இருக்கிறது. இரண்டாவதுக்கு எல்லையிலிருந்து ஒன்றரை டெசிபல்தான். ஒற்றை டிரான்சிஸ்டர் பெருக்கியில் எப்போதும் கண் வைக்க வேண்டியது இரண்டாவதின் மேல்.

கணக்கு சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிட வேண்டும். தடுத்த ஆற்றலை வடிகட்டி எரித்துவிடுவதில்லை. வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அந்த 1.8 வாட் மறுபடி டிரான்சிஸ்டரின் வாசலுக்கே வருகிறது. பெருக்கியின் வெளிமுனை 14.2இல் 50 ஓம் ஆக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, அதனால் 37 என்ற எண் நடைமுறையில் சற்று ஏறலாம், இறங்கலாம். பெருக்கியும் வடிகட்டியும் ஒன்றின் குணத்தை மற்றொன்று மாற்றுகின்றன. தனித்தனியே சோதித்து 'பாஸ்' போட்ட இரண்டை ஒட்டவைத்தால் சேர்ந்தும் நன்றாக நடக்கும் என்று நம்ப முடியாது.

ஆன்டெனாவே வடிகட்டாதா?

வடிகட்டி வேண்டாம் என்பவர்கள் இரண்டு வாதம் வைப்பார்கள். முதலாவது: 7.1க்கு அளந்து வெட்டிய ஆன்டெனா மற்ற அதிர்வெண்களை ஏற்காது, அதுவே வடிகட்டி. பாதி உண்மை. 20 மீட்டர் நீளமுள்ள அரையலை டைபோல் 14.2இல் முழு அலை நீளமாகிவிடும். நடுவில் மின்சாரம் ஊட்டினால் எதிர்ப்பு ஆயிரக்கணக்கான ஓமுக்கு எகிறும், ஆகவே அதிகம் ஏற்காது. 21.3இல் அதே கம்பி ஒன்றரை அலை நீளம். நடுவில் எதிர்ப்பு மறுபடி குறைந்து, மிக நன்றாக ஏற்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலையே 21லும் ஹாம்கள் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். வேண்டி அனுப்புவதற்கு உதவும் கம்பி, வேண்டாததற்கு மட்டும் கதவை மூடாது.

இரண்டாவது வாதம் இன்னும் கவர்ச்சியானது: பத்து வாட்டே சின்ன விஷயம், அதில் பிறக்கும் ஒன்றிரண்டு வாட் யாரை என்ன செய்யும்? வானொலியில் சின்னது எவ்வளவு தூரம் போகும் என்பதை அறியாதவர் கேள்வி இது. ஐந்து வாட்டுக்கும் குறைவாக வைத்துக்கொண்டு கண்டங்களைக் கடப்பதற்கென்றே தனிச் சங்கங்கள் உண்டு. 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற முறையில், 200 மில்லிவாட் சமிக்ஞைகள் கடல் கடந்து பதிவாவது அன்றாட நிகழ்ச்சி. அப்படியிருக்க 14.2இல் கசியும் 1.8 வாட் கழிவு அல்ல; அது இரண்டாவது ஒரு வானொலி நிலையம். அதன் உரிமையாளருக்கு மட்டும் அது இருப்பது தெரியாது. இணையத்தில் பட்டனை அழுத்தி 'நூறு வாட் பெருக்கி கிட்' என்று வாங்கும்போது, வடிகட்டி இல்லாமலே விற்கும் கிட்கள் ஏராளம் என்பதை நினைவில் வைப்பது நல்லது. படத்தில் மூன்று வளையச் சுருள் வரிசை தென்படாவிட்டால் அது பாதிப் பொருள்.

தாளில் ஒன்று, போர்டில் ஒன்று

வடிகட்டியின் மதிப்புகள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனாலும் ஒருவர் கட்டியது அடக்குகிறது, இன்னொருவர் கட்டியது ஒழுகுகிறது. வித்தியாசம் சில மில்லிமீட்டர்களில் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 680 பிகோஃபாரட் மின்தேக்கியை, கால்களை வெட்டாமல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி சாலிடர் செய்தால் என்ன ஆகும்? அந்த ஒரு சென்டிமீட்டர் கம்பியே ஏறத்தாழ 10 நானோஹென்றிச் சுருள். 14.2இல் அதன் எதிர்ப்பு ஒரு ஓமைத் தொடாது, பொருட்படுத்த வேண்டாம். ஆனால் 61 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கம்பியும் மின்தேக்கியும் சமமாகிவிடும். அதற்கு மேலே அந்த உறுப்பு மின்தேக்கியே அல்ல, அசல் சுருள். தாளில் லட்சக்கணக்கான மடங்கு என்று காட்டிய வடிகட்டி எஃப்எம் பட்டையில் ஏமாற்றுவது இப்படித்தான். கால்களை ஒட்ட வெட்டிச் செம்புத் தகட்டின் மேலேயே உட்கார வைப்பது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல.

மின்தேக்கியின் வகையும் இங்கே பேசும். பத்து வாட் அலை 50 ஓம் ஆன்டெனாவுக்குள் 0.45 ஆம்பியராகப் போகிறது. ஆனால் வடிகட்டிக்குள் சந்திப்புகளில் மின்னழுத்தம் ஏறுகிறது. 680 பிகோஃபாரட் மின்தேக்கியின் வழியே ஓடும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டால் 0.85 ஆம்பியர். ஆன்டெனாவுக்குப் போவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு! நூறு வாட்டில் அது 2.7 ஆம்பியர். மின்வழங்கியில் இரைச்சல் அடக்கப் போடும் மலிவான பீங்கான் வில்லையை இங்கே போட்டால் சூடாகும், சூட்டில் மதிப்பு மாறும், மதிப்பு மாறினால் வடிகட்டியின் எல்லையே நகரும். வெள்ளி-மைக்கா அல்லது என்பி0 வகைப் பீங்கான்தான் தாங்கும். சுருளுக்கும் இதே கண்டிப்பு: மஞ்சள் பூசிய டி37-6 இரும்புத்தூள் வளையத்தில் 21, 24, 21 சுற்றுகள். கறுத்த ஃபெரைட் வளையமும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். பெருக்கியின் மின்மாற்றிக்கு அது உகந்தது. வடிகட்டியில் போட்டால் இதே சுற்றுகளுக்குச் சுருளின் மதிப்பு பல மடங்கு எகிறிவிடும். வளையத்தில் சுற்றுவதற்குக் காரணமும் உண்டு. நேர்ச்சுருள் தன் காந்தப்புலத்தைச் சுற்றிலும் பரப்பும். வளையச்சுருள் பெரும்பாலும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். முதல் சுருளின் புலம் கடைசிச் சுருளைத் தொட்டால் நடுவில் இருக்கும் உறுப்புகள் இருந்தும் இல்லாததுபோல.

இந்தக் கடைசி விஷயத்தின் கனத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல் மட்டும் வேறு வழியில் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14.2இல் 1.8 மில்லிவாட் வெளியே வரும். அனுமதியைப் போல மூன்றரை மடங்கு. வடிகட்டியை ஒன்பது உறுப்பாக்கினாலும் பதினொன்றாக்கினாலும் இந்த எண் குறையாது.

ஐதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வரிசை இதற்கு நல்ல பாடம். எளிதில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு கட்ட வேண்டும் என்பது அதன் கொள்கை. முதல் பிட்எக்ஸ்20இல் சுருள் சுற்றக் குழாய் வாஷர்களையே பயன்படுத்தச் சொன்னார். பின்னர் வந்த மைக்ரோபிட்எக்ஸ் ஒரே போர்டில் பல அலைவரிசைகளைக் கையாண்டது. எந்த அலைவரிசைக்கு எந்த வடிகட்டி என்பதை ரிலேக்கள் மாற்றிக் கொடுத்தன. அதன் தொடக்கப் பதிப்புகளைப் பயனர்கள் அளந்தபோது சில அலைவரிசைகளில் மடங்கலைகள் 43 டெசிபல் எல்லைக்கு மேலே நின்றன. வடிகட்டிக்குள் போகும் அலையும் அதிலிருந்து வரும் அலையும் ரிலேக்களிலும் போர்டின் தடங்களிலும் ஒன்றுக்கொன்று அருகே ஓடியதால், வடிகட்டியைத் தாண்டிக் குதிக்க வழி இருந்தது. ஐந்தாம் பதிப்பில் ரிலேக்களின் இணைப்பை மாற்றி அமைத்தார்கள். குறையைப் பொதுவெளியில் அளந்து, பொதுவெளியிலேயே திருத்திய அந்த நடைமுறை, பெரிய நிறுவனங்களிடமும் அடிக்கடி காணக் கிடைப்பது அல்ல.

வடிகட்டியால் முடியாதது

இதுவரை சொன்னதை வைத்து, நல்ல வடிகட்டி இருந்தால் பெருக்கியை எப்படி வேண்டுமானாலும் விரட்டலாம் என்று முடிவு கட்டினால் அது தவறு. மோர்ஸ் தந்திக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கே அலை இருக்கிறது, இல்லை என்பது மட்டுமே செய்தி. பேச்சுக்குப் பொருந்தாது. பேச்சில் பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் பெருக்கிக்குள் போகின்றன. கோணலான பெருக்கியில் 7.100, 7.101 என்ற இரண்டு அலைகள் சேர்ந்து நுழைந்தால், மடங்கலைகளோடு 7.099, 7.102 என்ற புதிய குட்டிகளும் பிறக்கின்றன. 14.2ஐத் தடுப்பது எளிது. அது வெகு தூரத்தில் இருக்கிறது. 7.102ஐ எந்தத் தாழ்வழி வடிகட்டியும் தடுக்காது. தடுத்தால் பேச்சையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். பக்கத்து அதிர்வெண்ணில் பேசிக்கொண்டிருப்பவரின் காதில் கரகரவென்று விழுவது இந்தக் குட்டிகள்தான்.

அதனால்தான் பேச்சுக்கான பெருக்கியில் டிரான்சிஸ்டரை முழுதாக உறங்கவிடாமல், சமிக்ஞை இல்லாதபோதும் சிறிது மின்னோட்டம் ஓடும்படி வைப்பார்கள். 'ஏ' வகுப்பின் வீண்செலவுக்கும் பாதி அலைப் பெருக்கியின் கோணலுக்கும் நடுவே ஒரு சமரசம் இது. உச்சி தட்டையாகும் அளவுக்கு விரட்டாமல் கொஞ்சம் முன்பே நிறுத்துவதும் அதே காரணத்துக்காக. வாட் மீட்டரின் முள்ளை இன்னும் ஒரு கோடு ஏற்ற மைக்கின் கெயினைத் திருகுபவர், அந்த ஒரு கோட்டின் பெரும்பகுதியை அடுத்தவர் தலையில் கொட்டுகிறார். பெருக்கி தானாகவே ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஊளையிடத் தொடங்குவதும் உண்டு. அந்த ஊளை 7.1க்குக் கீழே இருந்தால் தாழ்வழி வடிகட்டி அதை மரியாதையோடு வழியனுப்பி வைக்கும். அதை நுழைவு முனையில் சிறு மின்தடை, பின்னூட்டம், குட்டையான தரை இணைப்பு என்று பெருக்கியிலேயே அடக்க வேண்டும். பங்கீடு இப்படி அமைகிறது: தொலைவில் பிறக்கும் கோணலை வடிகட்டியிடம் விடலாம், அருகிலும் கீழேயும் பிறப்பதைப் பெருக்கியே பிறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளந்து பார்ப்பது

முன்பெல்லாம் இதை அளக்க ஆய்வகம் வேண்டும் என்பது உண்மையான தடையாக இருந்தது. இன்று டைனிஎஸ்ஏ, நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவிகள் பொழுதுபோக்காளரின் செலவுக்குள் வந்துவிட்டன. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு வேண்டும்; 1,000 ஓம், 2 வாட் மின்தடைகள் இருபதை இணையாகக் கோத்தால் 50 ஓம், 40 வாட் சுமை தயார். கம்பி சுற்றிய மின்தடை மட்டும் கூடாது. அது தானே ஒரு சுருள். பத்து வாட்டை நேராக டைனிஎஸ்ஏவில் செருகினால் கருவி போய்விடும். 40 டெசிபல் தணிப்பியை இடையில் வைத்தால் அது ஒரு மில்லிவாட்டாகிவிடும்.

கருவியும் பொய் சொல்லும். உள்ளே வரும் சமிக்ஞை வலுவாக இருந்தால், அளக்கும் கருவியே கோணலாகித் தன் மடங்கலையைத் திரையில் காட்டும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்னும் 10 டெசிபல் தணிப்பைச் சேர்த்துப் பாருங்கள். 14.2இன் கோடும் 10 டெசிபல் மட்டும் இறங்கினால் அது உங்கள் அலைபரப்பியுடையது. 20 அளவுக்கு இறங்கினால் கருவியின் கற்பனை.

இந்தியாவில் அலைபரப்பியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும்; மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வை எழுதித்தான் அதைப் பெற முடியும். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. முதலில் அதை முடியுங்கள். பிறகு கட்டுங்கள். கட்டி முடித்த அன்றே ஆன்டெனாவை மாட்ட அவசரம் வேண்டாம். 14.2இல் எத்தனை மில்லிவாட் என்று டம்மி லோடில் அளந்து ஒரு தாளில் எழுதிப் போர்டின் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்த எண் அரைக்கு மேலே இருந்தால் போர்டு மறுபடி சாலிடர் மேசைக்குப் போகட்டும்.